வெள்ளையள் போடமாட்டினம்

என் மனைவி ஒருகாலத்தில் நியூசிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டாள். இதை இன்றைக்குச் சொன்னாலும் ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் சிலரின் முகத்தில் ஒரு சங்கடம் வந்து போகும். அதைப் பார்ப்பதற்காகவே கலியாண வீடுகளில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தின் மேற்குப் பக்கம் ஏவன்டேலில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஊரில் பாலம் கட்டிய எஞ்சினியராகிய நான் இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் நின்று, பேக்கரி அடுப்பிலிருந்து சூடாக வந்து விழும் பாணைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். ஊரில் ஏ லெவல் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்த அவள் முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டினாள். இதைப் பெரிய சோகமாக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் இதே கதைதான்.

அவளுக்கு அரசியல் வந்தது விசாவால். கொழும்பில் லொட்ஜில் கிடந்த அவளுடைய தம்பிக்கு விசா இழுபட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகம் தலையிட்டு அவனை எடுப்பித்தது. நன்றி சொல்ல ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரத்தோடு அங்கே போனவள் அப்படியே அங்கேயே ஒட்டிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் எம்.பி.யின் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தையில் கீரைக்கட்டுக்கும் பழைய சப்பாத்துக்கும் நடுவே கட்சியின் மேசையைப் போட்டாள். விசா, வாடகை வீட்டுக்காரனோடு சண்டை, பள்ளிக்கூட அனுமதி என்று எந்தப் பிரச்சினை வந்தாலும் தமிழர், சமோவர், சீனர் எல்லாரும் எம்.பி.யை விட்டுவிட்டு "அந்த லேடி" எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எம்.பி.க்கு வயதாகிவிட்டது. இந்த முறை நிற்கப்போவதில்லை என்றார். அவளிடம், "எல்லா வேலையும் நீதானே செய்கிறாய், நீயே நின்றுவிடேன்" என்றாராம். வெள்ளைக்காரர் தேநீர் குடிக்கும்போது சொல்லும் சாதாரணப் பகிடியாகத்தான் அது இருந்திருக்கும். வேலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் என் மனைவிக்குப் பகிடி விளங்காது. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "இஞ்சேருங்கோ, நான் பெயர் குடுக்கப்போறன்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். முகம் சிவந்து போயிருந்தது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. "குடும்" என்றேன்.

இந்த நாட்டில் தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல் உண்டு. கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதை அந்தத் தொகுதிக் கட்சி உறுப்பினர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, கேட்பவர்களின் பேச்சைக் கேட்டு, வோட்டுப் போட்டுத் தெரிவு செய்வார்கள். வோட்டுப் போடக் குடியுரிமை இருக்கவேண்டும் என்றில்லை; இங்கே நிரந்தரமாக வந்து ஒரு வருடம் ஆனவர்கூட நாட்டுத் தேர்தலிலேயே போடலாம். போதாக்குறைக்கு, பொதுத்தேர்தலில் ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வோட்டு என்ற புதிய முறை அந்த வருடம்தான் வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பிடித்த சட்டம் அதைப்போல் இன்னொன்று இல்லை. ஒரு வோட்டை இங்கே போட்டு மற்றதை அங்கே போட்டால் இரண்டு பக்கமும் பகையில்லை. எங்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு போலிருந்தது.

தெரிவுக் கூட்டத்தில் மட்டும் ஒற்றை வோட்டுத்தான். அதை நினைவில் வைத்திருங்கள்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். தொகுதிக்குள் இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் கட்சியில் சேர்த்தாள். "தங்கச்சி, உங்களுக்காகத்தான் கையெழுத்து வைக்கிறன், எனக்கு அரசியலே பிடிக்காது" என்று எல்லாரும் வைத்தார்கள். போன வீட்டிலெல்லாம் இடியப்பம் தின்றதில் அவளுக்கு வயிறு ஊதிப்போனது.

போட்டிக்கு ஒரேயொருவர்தான். ஒக்லாந்தின் பணக்காரப் பகுதியான எப்சத்தில் வீடு வைத்திருந்த வெள்ளைக்கார வழக்கறிஞர். உயரமான மனிதர், நரைக்கத் தொடங்கிய தலை, கேட்பவரை ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டும் பழக்கம். ஏவன்டேலுக்கு அதற்கு முன் அவர் வந்திருந்தால் நெடுஞ்சாலைக்கு வழி தவறித்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எப்சம் என்ற சொல்லே போதும். பிள்ளைகளை எப்சம் பள்ளிக்கூடத்தில் போடுவதற்காக ஒரு அறையில் நாலு பேர் நெருங்கிப் படுக்கத் தயாரான சனம் நாங்கள். "எப்சத்தில இருக்கிற மனிசன் எங்களைத் தேடி வந்திருக்கிறார்" என்று மெய்சிலிர்த்தார்கள். நாங்கள் எப்சத்துக்குப் போக ஆசைப்படுகிறோம், அவர் ஏவன்டேலுக்கு வர ஆசைப்படுகிறார், இதில் யாருக்கோ எங்கோ பிழைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தைப்பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா வைத்தது. போட்டியிடும் இருவருக்கும் சம வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்பது கட்சி விதி. ஆகவே வழக்கறிஞரை விழாவுக்கு அழைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மனைவிதான். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் மக்களுக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று கேட்க, பொறுமையாக இருந்து "வணக்கம்" சொல்லப் பழக்கியதும் அவள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தபோது நான் கார் நிறுத்துமிடத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். காலையில் சமோவன் தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கழுத்தில் அவர்கள் போட்ட பூமாலை, இடுப்பில் அவர்கள் கட்டும் துணி. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் நின்று, தங்கச் சரிகை போட்ட நீண்ட வடநாட்டுச் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். சட்டைக்குள் அகப்பட்ட மாலையோடு மனிதர் கொஞ்ச நேரம் போராடினார். உதவி செய்யலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை.

மண்டபத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் தயார். யார் விளக்கேற்றுவது என்பதற்கு எங்கள் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: மண்டபத்தில் இருப்பவர்களில் ஆகவும் வெள்ளையானவர். சங்கத் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் மெழுகுதிரியைக் கொடுத்தார். இந்தத் தலைவருடைய மருமகனின் விசாவுக்காகத்தான் என் மனைவி மூன்று மாதம் தொலைபேசியில் தொங்கினாள். அவள் அந்த நேரம் குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

வழக்கறிஞர் மேடையேறிக் கைகூப்பி, "நமஸ்தே" என்றார். பழக்கியதெல்லாம் போச்சு. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எங்கள் குடும்பப் பாசம், எங்கள் கடின உழைப்பு, எங்கள் சாப்பாடு, இந்த மூன்றையும் புகழ்ந்தார். காலையில் தேவாலயத்திலும் இதே மூன்றைத்தான் புகழ்ந்திருப்பார் என்று சத்தியம் செய்வேன். சாப்பாட்டின்போது என் பக்கத்தில் வந்து, ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பாண் தொழிற்சாலையையும் சொன்னேன். "இது அநியாயம், என்னை வந்து பாருங்கள்" என்று தன் கார்டைக் கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டு நான் மரியாதைக்குச் சிரித்த நேரம் பார்த்து எவனோ படம் எடுத்துவிட்டான். சங்கத்தின் மாத இதழில் முன்பக்கத்தில் வந்தது. வழக்கறிஞரும் நானும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கிறோம்.

கார்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, பாலை எடுத்துக் கதவை மூடினாள்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், "தங்கச்சியை வெல்ல வைக்கிறது எப்பிடி" என்று ஆராயத் தலைவர் எங்கள் வீட்டிலேயே ஒரு கூட்டம் வைத்தார். ரோல்சும் தேத்தண்ணியும் எங்கள் செலவு. வெள்ளைக்காரரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு வெள்ளைக்காரரை வீட்டு வாசல்படிக்கு உள்ளே கூப்பிட்டதில்லை.

"சேலையோட போனா வெள்ளையள் பயப்பிடுவினம்" என்றார் ஒருவர்.

"கோட் சூட் போட்டா எங்கட ஆக்கள் கோவிப்பினம்" என்றார் இன்னொருவர்.

"றோட்டுக் கரையில பெயர்ப் பலகை வைக்கிறதெல்லோ?" என்றார் தலைவர். "தங்கச்சியின்ர பெயரை ஒருத்தன் வாசிச்சு முடிக்க முன்னம் கார் அடுத்த சந்திக்குப் போயிடும். நான் எனக்காகச் சொல்லேல்லை. எனக்கு அவவைத்தான் விருப்பம். வெள்ளையள் போடமாட்டினம். அதுதான் யோசினை."

எல்லாரும் அதையே சொன்னார்கள். எனக்கு விருப்பம், வெள்ளையள் போடமாட்டினம். மந்திரம் போல ஆளுக்காள் சொல்லிக்கொண்டு ரோல்சை எடுத்தார்கள்.

யாரோ அல்பனியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரையும் கூட்டிவந்திருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர், கெட்டிக்காரப் பிள்ளை. அல்பனி துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம்; எங்கள் தொகுதியில் அவருக்கு வோட்டே கிடையாது. அதனால் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"சென்டிமென்ட் வேற, வின்னபிலிட்டி வேற சார்" என்றார் என்னைப் பார்த்து. "மேடம் நல்லவங்க. ஆமா, யாரு இல்லேன்னு சொன்னா? ஆனா வெள்ளக்காரன் எதுக்குப் போடப்போறான்?"

அதுவரை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "நான் அவையின்ர அம்மாமாரைத்தானே தம்பி குளிப்பாட்டுறன். என்னை அவைக்குத் தெரியுமே."

"குளிப்பாட்டுறதுக்கு ஓகே மேடம். நாட்டை ஆள்றதுன்னு வந்தா?"

எனக்கு விசர் பிடித்தது. கையிலிருந்த ரோல்ஸ் தட்டத்தை அவர் மடியில் கவிழ்த்துவிட்டால் என்ன என்று இருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டத்தை மேசையில் வைத்தேன். அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். அன்று அவர்கள் போனபிறகு தெரிவுக் கூட்டத்துக்கான தன் பேச்சை எனக்கு முன்னால் மறுபடி சொல்லிப் பார்த்தாள். நான் நன்றாயிருக்கிறது என்றேன், உண்மையிலேயே நன்றாயிருந்தது.

தெரிவுக் கூட்ட நாளும் மழைதான். எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இருக்கிறதில் நல்ல கோட்டுகளைப் போட்டுக்கொண்டு முன்வரிசைகளை நிறைத்தார்கள். பின்வரிசைகளில் வழக்கமான கட்சிக்காரர்கள், வயதான வெள்ளைக்காரர்கள். ஒரு அம்மா பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார். என் மனைவி சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தாள். சேலைக் கட்சிக்கும் கோட் கட்சிக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று.

வழக்கறிஞர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். எதிர்காலம் எங்களுடையது என்றார். அவள் பஸ் வராத தெருக்களைப் பற்றிப் பேசினாள். முதியோர் இல்லத்தில் ஒருத்தி எத்தனை பேரை இரவில் பார்க்கவேண்டியிருக்கிறது, பட்டம் பெற்றவர்கள் எதற்காகப் பாணை அடுக்குகிறார்கள் என்று கேட்டாள். நடுவில் ஒரு சொல் தடுமாறியது. நின்று, மூச்செடுத்து, திரும்பச் சொன்னாள். பின்னல் வேலை நின்றிருந்தது. அவள் முடித்தபோது எங்கள் முன்வரிசைக்காரர் கைதட்டிய சத்தத்தில் கூரையில் மழைச் சத்தம் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

துண்டைக் கொடுத்தார்கள். எழுதி, மடித்து, ஒரு காலியான ஐஸ்கிரீம் வாளிக்குள் போட்டோம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் துண்டைப் போட்டுவிட்டு வரும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கிளைச் செயலாளரான வெள்ளைக்கார அம்மா வாளியோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. வழக்கறிஞரின் பெயரைச் சொன்னார். வித்தியாசம் அதிகமில்லை என்று மட்டும் சொன்னார்.

என் மனைவி எழுந்துபோய் முதல் ஆளாக அவருக்குக் கை கொடுத்தாள். அவர் அப்போதும் அவளுக்குக் கைகூப்பினார்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். அடுத்த நாளே எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. இடியப்பமும் சொதியும், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, புட்டு. ஆள் உயிரோடு இருக்கும்போதே துக்கம் விசாரித்தார்கள். இரண்டாவதாக வந்த குடும்பத்தலைவர் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உங்களிட்ட ஒளிக்கக்கூடாது. நான் அந்த மனிசனுக்குத்தான் போட்டனான். எல்லாரும் உங்களுக்குத்தானே போடுவினம், என்ர ஒரு வோட்டுத்தானே எண்டு நினைச்சன். நாளைக்கு அவர் வந்திட்டா ஒரு முகத்தாட்சணியம் வேணுமெல்லோ."

"பரவாயில்லை அண்ணை" என்றாள் அவள். "இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

அடுத்த சட்டியும் இதையே சொன்னது. அதற்கடுத்ததும் இதையே. ஒருவருக்கு அக்காவின் விசா, ஒருவருக்கு மகனின் படிப்பு, ஒருவருக்குக் காரணமே இல்லை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு. தலைவர் பெரிய சட்டியோடு வந்தார். சங்கத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கவேண்டிய பொறுப்புத் தனக்கு இருந்ததாகச் சொன்னார். "மற்ற எல்லாரும் உங்களோட நிண்டவை தங்கச்சி. என்ர ஒரு வோட்டுத்தானே." எல்லாருக்கும் அவள் ஒரே மறுமொழியைத்தான் சொன்னாள். பரவாயில்லை, இருங்கோ, தேத்தண்ணி போடுறன். வந்தவர்கள் பாரம் இறங்கி, சர்க்கரை போதாதென்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சொதியை நான் தொடவில்லை.

கடைசியாக வந்தவர் கிளைச் செயலாளர் அம்மா. வாழைப்பழக் கேக் கொண்டுவந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலிஷில் சொன்னார்: "பின்வரிசை முழுக்க நாங்கள் உனக்குத்தான் போட்டோம். முதலில் எங்களுக்கும் தயக்கம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன் ஆட்கள் அத்தனை பேர் திரண்டு வந்ததைப் பார்த்ததும், இவ்வளவு பேர் பின்னால் நிற்கும் பெண் வெல்லாமல் வேறு யார் வெல்வார் என்று பேசிக்கொண்டோம். எங்கே பிழைத்தது என்று எனக்கு விளங்கவேயில்லை."

எனக்கு விளங்கியது. சொல்ல வாயெடுத்தேன். மனைவி கண்ணால் என்னை அடக்கினாள். "பரவாயில்லை" என்று அந்த அம்மாவுக்கும் சொன்னாள். அவருக்கு மட்டும் தேத்தண்ணியைக் கோப்பை நிரம்பி வழியும்வரை ஊற்றினாள்.

பிறகு தேர்தல் வந்தது. வழக்கறிஞரின் படம் போட்ட பலகைகளை ஏவன்டேல் தெருக்களில் சுத்தியலோடு நின்று அடித்தவளும் அவள்தான். கட்சி என்றால் கட்சி என்றாள். அவருடைய பெயர் சின்னப் பெயர், காரில் போகிறவர் எல்லாரும் வாசித்து முடித்தார்கள். வாசித்துவிட்டு மற்றக் கட்சிக்காரருக்குப் போட்டார்கள். வெல்லக்கூடிய மனிதர் நன்றாகத் தோற்று, எப்சத்துக்குத் திரும்பிப் போனார். எங்கள் தெருக்களில் அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை.

தேர்தலுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலைவர் வந்தார். இந்த முறை சட்டி இல்லை. கதிரையில் சாய்ந்திருந்து, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். "எங்கட தங்கச்சி நிண்டிருந்தா இந்தச் சீட் எங்களுக்குத்தான். வெள்ளையள் அவவுக்குப் போட்டிருப்பினம்." தேத்தண்ணியை முடித்துவிட்டு, அடுத்த பொங்கலுக்கு வடைக்கு ஆள் வேண்டும் என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன். இத்தனை மாதமும் அவள் இதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"இஞ்சேருங்கோ. நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "என்ன கேள்வி இது? உமக்குத்தான்" என்றேன்.

அது உண்மை. ஐஸ்கிரீம் வாளிக்குள் நான் போட்ட துண்டில் அவளுடைய நீளப் பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருந்தேன். ஆனால் மடித்துத்தானே போட்டேன், அவளுக்கு எப்படித் தெரியும். என் குரல் எனக்கே தலைவரின் குரல் மாதிரிக் கேட்டது.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். பிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். காந்தத்துக்குக் கீழே வழக்கறிஞரின் கார்ட் இன்னும் அங்கேதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அத்தனை பேரையும் பார்த்த அதே அன்பான பார்வை.

"பரவாயில்லை" என்றாள். "இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."